காற்றாடிக்கு வைத்த பொட்டு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று நடந்தது இது. இடம், டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டி. என் மகள் அங்கே ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். அவள் வீட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன். அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்துவிடுகிறது.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் திண்டுக்கல்லில் முப்பது வருஷம் மெஸ் நடத்தியவள். என் மெஸ்ஸில் டம்ளரில் விரல் அடையாளம் இருந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை. எச்சில் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். அமெரிக்கா வந்தும் மாறவில்லை. இந்த வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும், மாப்பிள்ளை உட்பட. அவர் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார், ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்க அம்மா தனியாக இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை ஹனி என்பார். அப்படியென்றால் தேன் என்று மகள் சொன்னாள். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. ஆனாலும் தினம் சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டு உட்காருவோம். டீ என்னுடையது, பிஸ்கட் அவருடையது. போகிற வருகிற நாய்களைப் பார்த்து இரண்டு பேரும் அவரவர் பாஷையில் அபிப்பிராயம் சொல்லிக்கொள்வோம்.

அந்த வருஷம் கோடையில் ஒரு புயல் வந்து அக்கா வீட்டுக் கூரையைப் பெயர்த்துவிட்டது. மேலே நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று தினம் போனில் சொல்கிறான். அக்காவுக்குப் போக மனசே இல்லை. ஒருநாள் என் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், என்னிடம் ஒரு படம் இருக்கிறது, அதை ஏலத்துக்குக் கொடுக்கப்போகிறேன், கூரை போடும் அளவுக்குப் போனால் இங்கேயே இருப்பேன், இல்லாவிட்டால் வசந்த காலத்தில் மகனிடம் போய்விடுவேன் என்றார்.

படத்தின் கதை இது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தாத்தாவின் பண்ணைக்கு ஊர் ஊராகச் சுற்றும் ஓவியர் ஒருவர் வந்திருக்கிறார். பத்து நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது அந்தப் பண்ணையையே வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது முதல் தாத்தா வீட்டில், பிறகு அப்பா வீட்டில் சமையலறை அடுப்புக்கு மேலேயே தொங்கியிருக்கிறது. இந்த ஊர் நிலத்தையும் மரத்தையும் வீட்டையும் அந்தக் காலத்தில் வரைந்த படங்களைத் தேடித் தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறதாம். ஏலக் கம்பெனிக்காரர்கள் போன் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஓவியர் பெயர் பரவாயில்லை, படம் எடுப்பாக இல்லை, ஆனாலும் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

எடுப்பாக இல்லை என்றது உண்மைதான். நானும் பார்த்தேன். வானம் பழுப்பு, தரை பழுப்பு. நடுவே சின்னதாக ஒரு வீடு, ஒரு மரம், தண்ணீர் இறைக்கும் உயரமான காற்றாடி ஒன்று. ஆறிப்போய் ஏடு கட்டின புளிக்குழம்பு மாதிரி இருந்தது. கிணற்றுக்கு மேலே இரும்புக் கோபுரம் நட்டு, அதன் உச்சியில் சக்கரம் மாதிரி தகடுகள் சுற்றும், அந்தக் காற்றாடியைத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கம் வயல்வெளியில் இப்போதும் ஒன்றிரண்டு நிற்கின்றன.

அந்த வாரம் மழை வரும் என்று டிவியில் சொன்னார்கள். தார்ப்பாயை நம்ப முடியாது என்று அக்கா அந்தப் படத்தைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹனி வீடு சுத்தமாக இருக்கும், பத்திரமாக இருக்கும் என்று மகளிடம் சொன்னார். பெருமையில் எனக்குத் தலை கூரையைத் தொட்டது. மகளுடைய ஆபீஸ் ரூமில் சுவரோடு சாய்த்து வைத்தோம். தினம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. காலையில் கார், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வாங்கிக்கொண்டு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் எல்லாம் என் ராஜ்ஜியம். அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பாத்திரம் கழுவும் மெஷின், புல் வெட்டும் மெஷின், ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிரின்டருக்கு வைக்க ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அங்கே அந்தப் படம். தங்க நிறச் சட்டத்தின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தேன். நம் வீட்டில் ஒரு வாரம் இருக்கிற விருந்தாளி, அதை மட்டும் விட்டுவிட்டால் எப்படி இருக்கும்?

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. படத்துக்குள்ளே அந்தக் காற்றாடி என்னைப் பார்த்தது. ஒரு குடும்பத்துக்கே தண்ணீர் இறைத்துக் கொடுத்த கருவி. நேற்று வாங்கின மிக்ஸிக்கு உண்டு, இதற்கு இல்லையா என்று தோன்றியது. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, சந்தனத்தில் தொட்டு, காற்றாடிச் சக்கரத்தின் நடுவில் ஒரு சொட்டு. அதன் மேல் துளி குங்குமம். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்து சுண்டல் தாளித்தேன்.

சாயங்காலம் மகள் ஆபீஸ் ரூமிலிருந்து கூப்பிட்ட குரலே சரியில்லை.

"அம்மா, இது என்ன?"

"பொட்டு."

"எதுல வச்சிருக்க?"

"காத்தாடில. தண்ணி எறைக்கிற மெஷின்தானடி அது. மிக்ஸிக்கு வச்சா இதுக்கு வைக்கக் கூடாதா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸ் உடுப்போடு அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. சரி, பிடிக்கவில்லைபோல என்று நினைத்துக்கொண்டு, "இதுக்குப் போயி ஏன் இப்படி? ஈரத்துணிய வச்சு ஒத்தி எடுத்துர்றேன்" என்று படத்துக்குக் கை நீட்டினேன்.

"டச் பண்ணாத. அதுக்குக் கண்ணாடியே கெடையாதும்மா. ஆயில் பெயின்டிங். நீ தொடைச்சேன்னா பெயின்டோட சேர்ந்து வந்துரும்."

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், படம் என்றால் முன்னால் கண்ணாடி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். சாமி படம், கல்யாணப் படம், என் வீட்டுக்காரர் படம் எல்லாம் அப்படித்தான். பொட்டு வைத்தால் கண்ணாடி மேலே இருக்கும், அடுத்த வெள்ளிக்கிழமை துடைத்துவிடலாம். நான் அக்காவின் கூரை மேலேயே கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மகள் அக்காவிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் விடவில்லை.

"வச்சது நான். நான்தான் சொல்லணும். நீ கூட வந்து இங்கிலீஷ்ல சொல்லு. ஆனா எனக்காகக் கொறைச்சு ஒண்ணும் சொல்லாத."

அக்கா வந்தார். படத்தின் முன்னால் மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் காற்றாடியில் வைத்தாய் என்று மட்டும் கேட்டார். மகள் சொன்னாள். தலையாட்டினார். "ஓகே, ஹனி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் ஊற்றி வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. அடுத்த மூன்று நாளும் வெளியில் நாற்காலி வரவில்லை. யாராவது என்னைத் திட்டினால் பதில் சொல்லத் தெரியும். அந்த ஓகேவுக்கு என்ன பதில் சொல்வது?

மகள் ஏலக் கம்பெனிக்குப் போன் செய்தாள். நீங்கள் யாரும் தொடவேண்டாம், ஹூஸ்டனின் மறு கோடியில் பழைய படங்களைச் சரிசெய்யும் பெண் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனோம். மகள் வண்டி ஓட்ட, பின் சீட்டில் அக்கா, நான், நடுவில் அந்தப் படம். ஃப்ரீவே என்கிற நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். படத்தின் ஒரு பக்கத்தை அவர் பிடித்திருந்தார், ஒரு பக்கத்தை நான்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். படத்தை மேஜையில் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றினார். அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பஞ்சை வாயில் வைத்து நாக்கில் நனைத்தார்.

"எச்சி!" என்று கத்தியேவிட்டேன்.

"அம்மா, சும்மா இரு."

"எச்சிடி. படத்துக்கு எச்சிய வைக்கிறா. நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற."

அந்தப் பெண் கேட்டு, மகள் சொல்ல, அவர் சிரித்தார். தண்ணீர் ஓடும், ஓடினால் குங்குமச் சிவப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மருந்து சில சமயம் பெயின்டைக் கடிக்கும். எச்சில் வெதுவெதுப்பாக, வைத்த இடத்தில் நிற்கும், அழுக்கை மட்டும் எடுக்கும், பெரிய பெரிய மியூசியத்திலும் இப்படித்தான் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வாயைத் திறக்கும் யோக்கியதை அன்று எனக்கு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பஞ்சை அவர் தேய்க்கவில்லை. மெதுவாக உருட்டினார். முதல் பஞ்சு சிவப்பாக வந்தது, இரண்டாவது மஞ்சளாக. காற்றாடியின் தகடுகள் ஒன்றுகூடச் சிதையாமல் அப்படியே இருந்தன. நல்லகாலம், படத்தின் மேல் அந்தக் காலத்து வார்னிஷ் இருந்தது, அது இல்லாவிட்டால் குங்குமம் உள்ளே இறங்கியிருக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட்டேன்.

மூன்றாவது பஞ்சு கறுப்பாக வந்தது. அந்தப் பெண் நின்றுவிட்டார். இன்னொரு பஞ்சைச் சுற்றினார். அதுவும் கறுப்பு. குனிந்து பார்த்த எனக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் மெஸ் சுவரில் நான் சுரண்டின அதே அழுக்குதான்.

"அடுப்புப் பொகைடி. எண்ணெய் ஆவியும் சேர்ந்து படிஞ்சிருக்கு. சொல்லு அவகிட்ட."

மகள் சொன்னாள். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். பொட்டு இருந்த இடத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வானம் தெரிந்தது. பழுப்பு இல்லை. நீலம். காலை நேரத்து வெளுத்த நீலம்.

பிறகு அவர் படத்தின் கீழ்ப்பக்கம், தரையில், ஒரு ஓரமாகப் பஞ்சை உருட்டினார். அங்கேயும் நீலம். ஆனால் இது வேறு நீலம், கத்தரிப்பூ நிறத்தோடு சேர்ந்த அடர்த்தியான நீலம், இடையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அவர் பேச்சே மாறிவிட்டது. கிசுகிசுவென்று வேகமாகப் பேசினார். அது டெக்சாஸ்காரர்களின் உயிரான புளூபானட் பூ. வசந்தத்தில் ஃப்ரீவே ஓரமெல்லாம் பாய் விரித்த மாதிரி பூக்குமே, அது. நாங்கள் காய்ந்த புல் என்று நினைத்தது முழுக்கப் பூ வயல்.

அக்கா அழுதார். எனக்குப் பயமாகிவிட்டது. மகளிடம் என்ன என்று கேட்டேன். அவருடைய அப்பா, ஓவியர் வந்தபோது சின்னப் பையனாம். கடைசிக் காலத்தில் படத்தைக் காட்டிக் காட்டி நீலப் பூ, நீலப் பூ என்பாராம். இவர்கள் எல்லோரும், பாவம், வயசாகி உளறுகிறார் என்று விட்டுவிட்டார்களாம். அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நான்கு நாளுக்குப் பிறகு "ஹனி" என்றார்.

ஆறு வாரம் ஆயிற்று முழுப் படத்தையும் சுத்தம் செய்ய. கூலியை ஏலத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் தங்கப் பூச்சில் என் சந்தனம் ஊறிப் போயிருந்தது. அது போகவில்லை. எடுத்தால் தங்கமும் வந்துவிடும் என்று அப்படியே விட்டார்கள். ஏலப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் சின்னதாக வர இருந்த படம், முன் பக்கங்களில் பெரிதாக வந்தது. கீழே பொடி எழுத்தில், சட்டத்தில் ஒரு மூலையில் கறை என்று போட்டிருந்தார்கள். மகள் அதைப் படித்துக் காட்டி, "அம்மா, நீ கேட்டலாக்ல வந்துட்ட" என்றாள்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஏலம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பெரிய ஹால், வரிசையாக நாற்காலி, எல்லோர் கையிலும் நம்பர் எழுதின அட்டை. ஓரத்தில் காதில் போனோடு நாலைந்து பேர், வெளியூர்க்காரர்களுக்காகக் கேட்பவர்கள். கையைத் தூக்கினால் நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்று மாப்பிள்ளை பயமுறுத்தி அனுப்பியிருந்தார். "மண்டில வெங்காய ஏலம் எடுத்தவளுக்கு இதெல்லாம் தெரியும், நீங்க போயி சட்டையக் காயப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையில் எனக்குத் தெரியும். ஏலத்தில் மூட்டையை வெறித்துப் பார்க்கிறவன் வாங்கமாட்டான். வாங்குகிறவன் முன்னாலேயே வந்து, கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, ஏலம் நடக்கும்போது வேறெங்கோ பார்ப்பான். சீக்கிரமே வந்துவிட்ட நான், பெரிய தொப்பி வைத்த ஒரு கிழவர் எங்கள் படத்தின் முன்னால் மூன்று தடவை வந்து நின்றதைப் பார்த்திருந்தேன். இப்போது கடைசி வரிசையில் தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தொப்பிக்காரர்தான் வாங்குவாரு பாரு."

"அவரு தூங்குறாரும்மா."

எனக்கு அவர்கள் சொல்லும் எண் வேகமாக வந்தால் புரியாது. அதனால் மகளிடம், கமிஷன் எல்லாம் போகக் கூரைக்கு வேண்டியது தேறும் இடம் வந்ததும் என் கையை அழுத்து என்று சொல்லி வைத்திருந்தேன். என் இடது கை மகளிடம், வலது கை அக்காவிடம். எங்கள் படம் மேடைக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பூ வயல் தகதகவென்று இருந்தது. ஏலக்காரர் ஆரம்பித்தார். அட்டைகள் அங்கங்கே ஏறின. எங்கள் முன்னால் ஒரு அம்மா, போனில் ஒருவர், மறுபடி அந்த அம்மா. மகள் இன்னும் என் கையை அழுத்தவில்லை. அந்த அம்மா தலையை ஆட்டி அட்டையைக் கீழே போட்டார். ஏலக்காரர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். சின்னச் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார். மகளைப் பார்த்தேன். கூரைக்கு இன்னும் பாதிகூட வரவில்லை என்று அவள் முகத்திலேயே இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். தொப்பிக்காரர் தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது மழை மாதிரி. போன்காரர், விரல், போன்காரர், விரல். ஏலக்காரர் தலை பந்தாட்டம் பார்ப்பவர் மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பியது. மகள் என் கையை அழுத்தினாள். நான் அக்கா கையை அழுத்தினேன். அதோடு நிற்கவில்லை, இன்னும் ஏறியது. மகள் மறுபடியும் அழுத்தினாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். போன் பிடித்திருந்த பெண் கடைசியில் உதட்டைப் பிதுக்கித் தலையாட்ட, சுத்தியல் விழுந்தது. முழு ஹாலும் கைதட்டியது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். நல்லவேளை, ஏலம் முடிந்திருந்தது.

அந்தக் கிழவர் பிறகு எங்களிடம் வந்தார். அவருடைய அப்பா பண்ணை பண்ணையாகப் போய்க் காற்றாடி ரிப்பேர் செய்தவராம். சட்டத்து மூலையில் என்ன கறை என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். மகள் முழுக்கதையையும் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மூலையை யாரும் தொட விடமாட்டேன் என்றார்.

ஏப்ரலில் ஃப்ரீவே ஓரம் அந்த நீலப் பூ பூத்தபோது அக்கா வீட்டுக் கூரைக்கு ஆள் வந்தார்கள். காலையிலேயே அக்கா எங்கள் கதவைத் தட்டினார். என் நெற்றியைக் காட்டினார், பிறகு அங்கே சாய்த்து வைத்திருந்த ஏணியைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் ஏணியைத் தொடவில்லை. முதலில் மேஸ்திரியிடம் போய்க் கிண்ணத்தைக் காட்டி, ஏணியைக் காட்டி, வைக்கலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு ஏணியையும் காட்டினார், ஆணி அடிக்கும் மெஷினையும் நீட்டினார்.

அன்று சாயங்காலம் புதுக் கூரையின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒருவருடைய பாஷை ஒருவருக்கு இன்னும் வரவில்லை. எச்சில் என்றால் இப்போதும் எனக்கு ஆகாதுதான், ஆனால் 'சீ' என்று சொல்ல வாயெடுத்தால் ஒரு பெண் ஆறு வாரம் நாக்கில் பஞ்சை நனைத்து ஒரு வானத்தைத் திருப்பிக் கொடுத்தது நினைவுக்கு வந்து வாய் நின்றுவிடுகிறது. நல்லதைச் செய்யத்தானே போகிறோம் என்று கை தானாக முன்னால் நீளும்போதெல்லாம், இது யாருடையது, அவரைக் கேட்டாயா என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்ள, எழுபத்திரண்டு வயதில் அந்தக் காற்றாடி எனக்குக் கற்றுக்கொடுத்தது.